அலுமினியக் கைக்கு கன்மெட்டல் புஷ்: மூன்று வருட அனுபவம்

எங்கள் பிரீமியர் பத்மினி காரில் கியர் லீவர் ஸ்டியரிங் ஓரமாக இருக்கும். லீவரின் அசைவை கியர்பாக்ஸுக்குக் கடத்தும், அடியில் உள்ள லிங்கேஜ் கைகள் தேய்ந்து, இரண்டாவது கியரைத் தேடித் தேடித்தான் போட வேண்டியிருந்தது. அதனால் 10 மி.மீ. அலுமினியம் பிளேட்டை அறுத்து, அரம் போட்டு, கைகளை நானே செய்தேன். துளையில் நேராக 8 மி.மீ. போல்ட்டை மாட்டினேன். நாலே மாதத்தில் துளை முட்டை வடிவமாகிவிட்டது.

கழற்றினால் போல்ட்டும் தேய்ந்திருந்தது! பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்துப் பாதையில் தினமும் ஓடும் வண்டி. மண்தூசி மெத்தென்ற அலுமினியத்தில் பதிந்து உப்புத்தாள் மாதிரி இரும்பை ராவியிருக்கிறது. போல்ட்டின் மரையும் துளைக்குள் உரசியிருக்கிறது.

கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறைக்காரரிடம் காட்டினேன். "அலுமினியத்தைச் சும்மா தாங்க மட்டும் விடுங்க, உரசறது வேற ஆளா இருக்கட்டுமுங்க" என்றார். அதன்படியே செய்தோம். வெளிவிட்டம் 16, உள்விட்டம் 12 மி.மீ. உள்ள கன்மெட்டல் புஷ் (வெண்கல வகை உலோகத்தில் கடைந்த வளையம்), உள்ளே கிரீஸ் தங்க ஒரு காடி. அதற்குள் இஎன்8 எஃகு ராடில் கடைந்த சிலீவ் (குழல்), அதன் வழியே போல்ட். சிலீவின் நீளம் 10.2 மி.மீ., கையின் தடிமனைவிடச் சற்று அதிகம், அதுதான் முக்கியம். தானாகக் கழலாத நைலாக் நட்டை எவ்வளவு முறுக்கினாலும் சிலீவ்தான் இறுகும், கை தாராளமாக ஆடும். போல்ட் சுழலவே சுழலாது.

புஷ்ஷை ஃப்ரீசரில் வைத்து, அலுமினியக் கையைத் தண்ணீர் தெளித்தால் சீறும் அளவுக்கு தோசைக்கல்லில் சூடாக்கினேன். சுத்தியலே வேண்டாம், 'டப்'பென்று உட்கார்ந்தது. இறுகியதும் புஷ்ஷின் துளை கொஞ்சம் சுருங்கும். துளையைச் சரியான அளவுக்குச் சீவும் ரீமர் ஓட்டுவது அப்புறம்தான், முன்னால் அல்ல.

இரண்டாவது கோடையில் எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கும் புஷ் மட்டும் கைக்குள் சுற்ற ஆரம்பித்தது. சூட்டில் கன்மெட்டலைவிட அலுமினியம் அதிகம் விரியும், பிடி தளர்ந்துவிட்டது. இன்னும் சற்றுப் பெரிய புஷ் கடைந்து, லாக்கிங் திரவம் தடவி ஏற்றினேன். அதன்பின் அசையவில்லை.

இப்போது ஆயில் மாற்றும்போதெல்லாம் கிரீஸ் வைக்கிறேன். இரண்டு விரலால் தள்ளினாலே இரண்டாவது கியர் விழுகிறது. ஆக்சிலரேட்டர் லிங்கேஜுக்கும் இதே முறையில் செய்திருக்கிறேன். பிரேக், ஸ்டியரிங் பக்கம் மட்டும் வீட்டில் அறுத்த அலுமினியத்தைக் கொண்டுபோகவே மாட்டேன்.