பேசும் மிருகங்களும் பேசாத பல்லியும்: சிறுவருக்கான ஐந்து அறிவியல் தொடர்கள்

எங்கள் வீட்டு விறாந்தைச் சுவரில் ஒரு பல்லி குடியிருக்கிறது. அது சத்தமிட்டால் என் அம்மா மேசையில் விரலால் தட்டி, "பல்லி சொல்கிறது" என்பார். பல்லி பேசுவது எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் கடந்த ஓகஸ்ட் விடுமுறையில் என் நான்கு வயது மகன் கதிரையை இழுத்துப் போட்டு ஏறி நின்று, "நீ ஏன் சட்டை போடவில்லை?" என்று அந்தப் பல்லியிடம் கேட்டான். கேட்டுவிட்டு விடைக்காகக் காத்தும் நின்றான். எனக்குச் சற்றுத் திக்கென்றது. தொப்பியும் சட்டையும் போட்ட துருவக் கரடி ஒன்று கப்பல் ஓட்டுவதைப் பார்த்துவிட்டுத்தான் அவன் எழுந்து வந்திருந்தான்.

அதற்குப் பிறகு அவனோடும் ஏழு வயது மகளோடும் கூடவே இருந்து, அறிவியல் சொல்லித்தரும் ஐந்து தொடர்களைப் பார்த்தேன். எந்தத் தொடரில் தகவல் அதிகம் என்று நான் எண்ணவில்லை. மிருகம் எப்படிப் பேசுகிறது, படம் முடிந்ததும் பிள்ளை எங்கே போகிறது என்ற இரண்டையும்தான் கவனித்தேன்.

இந்தக் கவலை என்னுடையது மட்டுமல்ல. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் பட்ரிசியா கனேயாவும் அவருடன் சேர்ந்தவர்களும் 2014 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மூன்று முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளுக்கு அவர்கள் அறியாத மிருகங்களைப் பற்றிய படப் புத்தகங்களை வாசித்துக் காட்டினார்கள். மிருகத்தை மனிதரைப் போலப் பேசவும் நினைக்கவும் விட்ட புத்தகங்களைக் கேட்ட பிள்ளைகள், உண்மையான மிருகத்துக்கும் மனிதக் குணங்களை ஏற்றிச் சொன்னார்கள். அந்த ஆய்வு புத்தகங்களைப் பற்றியது, தொலைக்காட்சியைப் பற்றியதல்ல. ஆனாலும் கதிரையில் ஏறி நின்ற என் பிள்ளையை அதில் நான் கண்டேன்.

அந்தத் துருவக் கரடியின் தொடர் 'ஒக்டோநோட்ஸ்'. 2010 இல் பிரித்தானியாவில் தொடங்கியது. கரடிக் கப்டன், கடற்கொள்ளையனைப் போல ஒரு கண்ணை மறைத்த பூனை, வைத்தியம் பார்க்கும் பென்குயின் எல்லாம் சேர்ந்து கடலுக்கடியில் வாழ்கின்றன. ஒவ்வோர் அங்கத்திலும் ஓர் உண்மையான கடலுயிரைச் சந்திக்கின்றன, அதற்கு வந்த இடரைத் தீர்க்கின்றன. முடிவில் அந்த உயிரைப் பற்றிய உண்மைகளைப் பாட்டாகச் சொல்கின்றன. அந்தப் பாட்டுப் பகுதியில் உண்மையான உயிரின் படமும் வருவது பெரிய பலம். என் இரண்டு பிள்ளைகளுக்கும் ஐந்திலும் மிகப் பிடித்தது இதுதான். கடல் சூழ்ந்த எங்கள் ஊருக்குப் பொருத்தமானதும் இதுதான் என்று முதலில் நினைத்தேன்.

குறை எங்கே என்றால், இதில் உண்மையும் கற்பனையும் ஒரே மேசையில் அமர்ந்து சாப்பிடுகின்றன. பாதி மரக்கறி பாதி மிருகமான சிறிய உயிர்கள் அந்தக் கப்பலில் சமையல் செய்கின்றன. ஆழ்கடலின் உண்மையான விசித்திர உயிர்களுக்குப் பக்கத்திலேயே அவையும் நீந்தும்போது, நான்கு வயதுப் பிள்ளை எதை நம்புவது, எதை விடுவது? பேச்சும் மிக வேகமானது. ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த பிள்ளைக்குத் துரத்தல் மட்டும் மிஞ்சுகிறது, தகவல் நழுவிவிடுகிறது. ஒரு ஞாயிறு மாலை பிள்ளைகளை யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலோரம் கூட்டிச் சென்றேன். கடலட்டையைப் பற்றிப் பேச்சு வந்ததும் மகள், "அது இரத்தம் குடிக்குமா அம்மா?" என்று கேட்டாள். 'அட்டை' என்ற பெயர் செய்த வேலை. அது மணலை விழுங்கி, அதிலிருக்கும் உணவுத் துணுக்குகளை எடுத்துக்கொண்டு, மணலைத் திரும்ப வெளியே தள்ளும் உயிர் என்று நான்தான் சொன்னேன். இத்தனை அங்கங்களில் இத்தனை கடலுயிர்களைப் பார்த்த பிள்ளைக்கு, யாழ்ப்பாணக் கடலில் பண்ணை வைத்து வளர்க்கும் உயிரை அறிமுகப்படுத்த அருகில் ஒரு பெரியவர் தேவைப்பட்டார்.

'டைனோசர் ட்ரெயின்' 2009 இல் அமெரிக்காவின் பிபிஎஸ் அலைவரிசையில் வந்தது. டெரனோடன் என்ற பறக்கும் ஊர்வன இனக் குடும்பம் ஒன்று எடுத்து வளர்க்கும் டைரனோசர் குஞ்சுதான் நாயகன். தன் வளர்ப்புக் குடும்பத்திலிருந்து தான் ஏன் வேறுபடுகிறேன் என்று அறியப் புறப்பட்டு, இரயிலேறி டைனோசர்கள் வாழ்ந்த ட்ரயாசிக், ஜுராசிக், கிரெட்டேசியஸ் காலங்களுக்குப் போய்வருகிறது. எதையும் முதலில் "எனக்கு ஒரு கருதுகோள் இருக்கிறது" என்றுதான் சொல்லத் தொடங்கும். அந்த ஒரு வசனத்துக்காகவே இந்தத் தொடருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். ஊன் தின்னும் டைனோசரும் இலை தின்னும் டைனோசரும் ஒரே பெட்டியில் அமைதியாகப் பயணம் செய்வது உண்மைக்குப் பொருந்தாது. ஆனால் ஒவ்வோர் அங்கத்தின் முடிவிலும் ஸ்கொட் சாம்ப்சன் என்ற உண்மையான தொல்லுயிரியலாளர் வந்து, அறிவியல் சொல்வது எது என்று விளக்குகிறார். வெளியே போய் நீங்களே கண்டுபிடியுங்கள் என்று பிள்ளைகளை அனுப்பியும் வைக்கிறார்.

மகள் அந்தப் பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டாள். "எங்கள் கிணற்றுக்குள்ளும் டைனோசர் எலும்பு இருக்கும். அது என் கருதுகோள்" என்றாள். முன்பு கிணறு வெட்டியபோது எடுத்த கற்கள் எங்கள் வேலியோரம் குவிந்து கிடக்கின்றன. தண்ணீர் ஊற்றிப் பழைய பற்தூரிகையால் தேய்த்தோம். நாலாவது கல்லில் பெருவிரல் நகமளவு சிப்பி அச்சு ஒன்று தெரிந்தது. விசிறி மடிப்புப் போன்ற வரிகளை அவள் விரலால் தடவிப் பார்த்தாள். டைனோசர்கள் அழிந்து 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகள் ஆகின்றன. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லோ மயோசீன் காலத்தில் கடலில் படிந்தது. அந்தக் காலம் தொடங்கியதே 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான். ஆகவே எங்கள் கிணற்றில் டைனோசர் கிடைக்காது, கடல்தான் கிடைக்கும். கருதுகோள் பிழையாகிவிட்டது என்று அவள் கொஞ்சமும் வருந்தவில்லை. அந்தக் கல் இப்போது அவளுடைய புத்தக அலுமாரியில் இருக்கிறது.

'வைல்ட் கிராட்ஸ்' பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. 2011 இல் வந்தது. கிறிஸ், மார்ட்டின் என்ற கிராட் சகோதரர்கள் தொடக்கத்திலும் முடிவிலும் உண்மையான மிருகங்களோடு நேரில் தோன்றுகிறார்கள், நடுவில் சித்திரக்கதை வருகிறது. இங்கே மிருகம் பேசாது. மிருகத்தின் ஆற்றலைத் தரும் உடையை மனிதர்கள்தான் அணிந்துகொள்கிறார்கள். எது எதைத் தின்னும் என்பதையும் ஒளிக்காமல் காட்டுகிறார்கள். அறிவியல் நேர்மையில் ஐந்துக்கும் இதுவே மேல். ஆனால் வில்லன்களும் கருவிகளும் சண்டையுமாகப் போவதால் என் மகனுக்கு அது மிருகத்தைப் பற்றிய தொடராகவே படவில்லை. இரண்டு நாட்கள் சும்மா கையை வீசிப் பறந்துகொண்டிருந்தான்.

2020 இல் வந்த 'எலினோர் வொண்டர்ஸ் வை' வேறு விதமானது. பொறியியலாளரும் கேலிச்சித்திரக்காரருமான ஜோர்ஜ் சாமும் இயற்பியலாளர் டானியல் வைட்சனும் உருவாக்கியது. எலினோர் என்ற முயற்குட்டி, ஆரி என்ற வௌவால், ஒலிவ் என்ற யானை மூவரும் ஒன்றைக் காண்கிறார்கள், ஏன் என்று கேட்கிறார்கள், கிட்டப் போய்ப் பார்க்கிறார்கள். இயற்கை செய்துவைத்திருப்பதைப் பார்த்து மனிதருக்குப் பயன்படும் ஒன்றைச் செய்வது இதில் அடிக்கடி வரும். சேலைக் கரையில் ஒட்டிக்கொண்டு வரும் நாயுருவி விதையை மகளுக்குக் காட்டி, நடந்துபோனவரின் உடையில் ஒட்டிய இதுபோன்ற ஒரு காயிலிருந்துதான் 1941 இல் சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் ஒருவருக்கு வெல்க்ரோ என்ற ஒட்டுப்பட்டியின் எண்ணம் தோன்றியது என்றேன். அவள் உடனே தன் சப்பாத்தின் பட்டியைப் பிரித்து, விதையையும் பட்டியையும் மாறிமாறிப் பார்த்தாள். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்குச் சுற்றாடல் பாடத்தோடு சேர்த்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமானது இந்த ஐந்தில் இல்லை. ஒன்றை மட்டும் நாமே சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லா வௌவாலும் எதிரொலி கேட்டுப் பறப்பதில்லை. எங்கள் கோயில் இலுப்பையில் தலைகீழாகத் தொங்கும் பெரிய பழந்தின்னிகள் கண்ணாலும் மூக்காலும்தான் பழத்தைத் தேடுகின்றன.

கடைசியாகப் பார்த்தது எல்லாவற்றிலும் பழையது, 2004 இல் வந்த 'பீப் அண்ட் த பிக் வைட் வேர்ல்ட்'. முட்டையிலிருந்து வெளிவந்த கோழிக்குஞ்சு ஒன்று, ரொபின் குருவிக்குஞ்சு ஒன்று, தற்பெருமை பிடித்த வாத்து ஒன்று. வட்டமும் கோடுமாக வரைந்த மிக எளிய படம். முதல்நாள் மகள், "இது குழந்தைப்பிள்ளைக்கு" என்று எழுந்து போய்விட்டாள். மகனும் நானும் இருந்து பார்த்தோம். இங்கே எந்த மிருகமும் ஆசிரியர் அல்ல. நிழல், தண்ணீர், ஓசை, சரிவு என எதைக் கண்டாலும் மூன்றும் முதல்முறையாகக் காண்கின்றன. வாத்து பிழையான விளக்கத்தை மிக உறுதியாகச் சொல்லும். பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை, "இல்லை, இல்லை!" என்று கத்தும். கதை முடிந்ததும் உண்மையான பிள்ளைகள் அதே விடயத்தைத் தாங்களே செய்து பார்க்கும் சிறு பகுதி வரும். வசனம் குறைவு, வேகமும் குறைவு. இடையில் நிறுத்தித் தமிழில் இரண்டு வார்த்தை சொன்னால் போதும்.

அடுத்த நாள் காலை கிணற்றடித் தொட்டியில் மகன் ஒரு தேங்காயும் ஒரு சல்லிக்கல்லும் வைத்திருந்தான். "பெரியது தாழும்" என்றான். தேங்காய் மிதந்தது, கல் தாண்டுபோனது. நம்பாமல் இரண்டையும் எடுத்துத் திரும்பப் போட்டான். பிறகு பனங்கொட்டை, செருப்பு, அம்மாவின் பாக்குவெட்டி. பாக்குவெட்டியை எடுக்க நான் தொட்டிக்குள் இறங்க வேண்டியிருந்தது.

ஐந்து வயதுக்குக் கீழ் என்றால் என் தெரிவு பீப்தான், இதில் எனக்குத் தயக்கம் இல்லை. அங்கே மிருகம் பேசினாலும் தெரிந்தது போலப் பேசவில்லை, கேட்கிறது. கேட்கும் மிருகத்தோடு சேர்ந்து பிள்ளையும் கேட்கிறது. சொல்லிக்கொடுக்கும் மிருகத்தின் முன்னால் பிள்ளை வாய் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆறு, ஏழு வயதுக்கு எலினோர். டைனோசர் ட்ரெயினை அதற்கு மேல் எந்த வயதிலும், முடிவில் வரும் விஞ்ஞானியின் பகுதியைத் தாண்டிவிடாமல் பாருங்கள். வைல்ட் கிராட்ஸ் எட்டு வயதுக்குப் பிறகு சுவைக்கும். ஒக்டோநோட்ஸைத் தடுக்கச் சொல்லமாட்டேன், பிள்ளைகள் அதன்மேல் வைத்திருக்கும் அன்பு பொய்யல்ல. ஆனால் சமையல் முடியும்வரை பிள்ளையைத் தனியே இருத்திவைக்க அதைப் பயன்படுத்தாதீர்கள், கூடவே இருங்கள்.

கூட இருக்கும்போது எங்கள் மொழியும் கைகொடுக்கிறது. காகம் கரையும், மயில் அகவும், ஆந்தை அலறும் என்று பள்ளிக்கூடத்தில் மரபுச் சொல் படித்தோமே, அவற்றைத் திரைக்கு முன்னால் சொல்லிப் பாருங்கள். "தொலைக்காட்சியில் வாத்து பேசுகிறது, எங்கள் குளத்து வாத்து என்ன செய்யும்?" என்று கேட்டால் பிள்ளை உடனே கத்திக் காட்டும். கதை வேறு, உயிர் வேறு என்பதை நான்கு வயதிலும் பிரிக்க அந்த ஒரு கேள்வி உதவுகிறது.

போன கிழமை இரவு விறாந்தையில் மறுபடியும் பல்லி சத்தமிட்டது. அம்மா மேசையில் தட்டினார். மகன் டோர்ச்சை எடுத்து வந்து சுவரில் அடித்தான். "என்ன சொல்கிறது அம்மம்மா?" என்று கேட்டான். அம்மா என்னைப் பார்த்தார். "இது என் இடம், வேறு பல்லி வராதே என்று சத்தமிடுகிறதாம்" என்று நான் சொன்னேன். அவன் வெளிச்சத்தை மெல்ல நகர்த்திச் சுவர் முழுவதும் தேடினான். கூரை வளையோரத்தில் இன்னொரு பல்லி இருந்தது.