அட்டைப்பெட்டியா, அரிசிச் சாக்கா?

சென்னைக்குள் வாடகை வீடு மாறுகிறவர்கள் பெரும்பாலும் தேடுவது இவை இரண்டையும்தான்: மளிகைக் கடையில் கேட்டு வாங்கும் அட்டைப்பெட்டி, அரிசி வந்த பிளாஸ்டிக் சாக்கு.

பீங்கான், கண்ணாடி, மிக்ஸி ஜார் என்றால் பேச்சே இல்லை, பெட்டிதான். ஆனால் அட்டையின் ஓரத்தைப் பாருங்கள். நெளி ஒரே வரிசையாக இருந்தால் அது 3 அடுக்கு, லேசான சாமானுக்கு மட்டும். இரண்டு வரிசை இருந்தால் 5 அடுக்கு, கனம் தாங்கும். அடியில் பழைய புடவையை மடித்துப் போட்டு, தட்டுகளைச் செங்குத்தாக நிறுத்துங்கள். படுக்க வைத்தால் மேலே உள்ளவற்றின் கனமெல்லாம் அடித்தட்டில் இறங்கி, வண்டி குலுங்கும்போது கீறல் விடும். புத்தகத்துக்குச் சின்னப் பெட்டிதான். பெரிய பெட்டி நிறைய அடைத்து, மூன்றாம் மாடிப் படியில் அடி பிய்ந்து கொட்டியதை நேரில் பார்த்திருக்கிறேன். சுமந்தவர் காலில் விழாதது பெரிய புண்ணியம்.

துணி, தலையணை, வாளி, குண்டானுக்குச் சாக்கு போதும். குட்டியானை வண்டியின் இடுக்கில்கூட நுழையும். ஐப்பசி மழையில் நனைந்த அட்டை தொளதொளத்துவிடும், சாக்கு கிழியாது. ஒன்றன்மேல் ஒன்று அடுக்க மட்டும் முடியாது.

பால் காய்ச்சும் பாத்திரம், காமாட்சி விளக்கு, தீப்பெட்டி, சர்க்கரை இரண்டிலும் போக வேண்டாம். கையோடு கூடையில் வரட்டும்.