பாட்டில் நூலா, பாலித்தீன் கீற்றா, சாக்கு இழையா: தருமபுரி, கிருஷ்ணகிரி தறிகளுக்கு எது கட்டுப்படியாகும்?

நூல் விலை ஏறும்போதெல்லாம் சிறு தறிக்காரர்கள் கேட்பது, இதைவிட மலிவாக வேறு எது கிடைக்கும் என்பதைத்தான். ஒகேனக்கல்லுக்கு வருவோர் விட்டுச்செல்லும் தண்ணீர் பாட்டில்கள், பர்கூர் ஜவுளிக் கடைகளில் துணியைப் பிரித்தபின் மிஞ்சும் பாலித்தீன் உறைகள், சந்தைகளில் கிழிந்து கிடக்கும் பிளாஸ்டிக் சாக்குகள் ஆகிய மூன்றும் பார்வைக்கு ஒரே குப்பைதான். ஆனால் அவை தறிக்கு வந்து சேரும் வழிகள் வேறு வேறு, செலவும் வேறு.

முதலில் பாட்டில். தண்ணீர் பாட்டில் பெட் என்னும் பாலியெஸ்டரால் ஆனது. துணிக்குப் பயன்படும் பாலியெஸ்டரும் வேதியியலில் அதுவேதான். பாட்டிலை நொறுக்கித் தண்ணீர்த் தொட்டியில் கொட்டினால் மூடியின் துண்டுகள் மிதக்கும், பாட்டிலின் துண்டுகள் அடியில் தங்கும். மூடியைப் பிரிக்க இந்த எளிய வழி போதும். ஆனால் சில பாட்டில்களைச் சுற்றியிருக்கும், பி.வி.சி. என்னும் வேறொரு பிளாஸ்டிக்காலான உறையும் பெட்டோடு சேர்ந்தே மூழ்கிவிடும் என்பதால், அதை நொறுக்குவதற்கு முன்பே ஒவ்வொரு பாட்டிலாகக் கத்தியால் கீறி உரிக்க வேண்டும். தப்பிப்போன சிறிதளவு பி.வி.சி.கூட உருக்கும் சூட்டில் அமிலத்தை வெளியிட்டு, மொத்தச் சரக்கையும் மஞ்சளாக்கி வலுவிழக்கச் செய்யும். ஈரமும் அப்படியே: துண்டுகள் முற்றாக உலராமல் 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருக்கப்பட்டால் மூலக்கூறுச் சங்கிலி அறுந்து, இழுக்கும்போதே இழை முறியும். ஆகவே இழை தயாரிப்பது பெரிய ஆலையின் வேலை. மாவட்டத்துக்குள் செய்யக்கூடியது சேகரிப்பதும் பிரிப்பதும் கழுவுவதும்தான். இழை தயாரிக்கும் ஆலைக்கு அதிகத் தொலைவும் போக வேண்டியதில்லை. 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்கு அணிந்துவந்த நீல நிற மேற்சட்டையின் துணி, பாட்டில்களை மறுசுழற்சி செய்யும் கரூர் நிறுவனம் ஒன்றிலிருந்து வந்ததுதான்.

இந்த இழை, குட்டைப் பஞ்சையும் நூலாக்கும் ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்களில் கழிவுப் பஞ்சோடு கலக்கப்பட்டு நூலாகிறது. பனியன் வெட்டுத்துணியிலிருந்து மீட்ட பஞ்சு குட்டையாக இருப்பதால் தனியே நூற்றால் வலு போதாது. பாலியெஸ்டர் சேர்ந்தால்தான் நூல் தாங்கும். வெட்டுத்துணியை நிறவாரியாகப் பிரித்தும், இழையை உருக்கும்போதே நிறம் சேர்த்தும் நூற்றால், நூல் சாயம் ஏறியே வந்துவிடுகிறது. தறிக்காரருக்கு இதுவே பெரிய ஆதாயம் என்பேன். ஏனெனில், பருத்திக்கு 60 டிகிரி அளவில் சாயமேற்றிவிடலாம்; பாலியெஸ்டருக்கோ அழுத்தக்கலனில் 130 டிகிரி வேண்டும், அந்த வசதி சிறிய சாயப்பட்டறைகளில் இருப்பதில்லை. குறைகளும் உண்டு. பாலியெஸ்டர் வியர்வையை உறிஞ்சாது. துவைக்கும்போது நுண்ணிழைகளையும் உதிர்க்கும். எனவே உடலை ஒட்டி அணியும் துணியை விட்டுவிட்டு, போர்வை, ஜமக்காளம், திரைச்சீலை, பை ஆகியவற்றுக்கே இதை நான் பரிந்துரைப்பேன். அதிலும் பாவுக்கு (நீளவாக்கு நூல்) நல்ல பருத்தி நூலையும் ஊடைக்கு (குறுக்கு நூல்) இதையும் போடுவது பாதுகாப்பானது.

பாலித்தீன் கீற்றின் கதை வேறு. இங்கே எதையும் உருக்க வேண்டியதில்லை. கழுவி உலர்த்திய உறையை அடியிலிருந்து சுற்றிச்சுற்றி அரை அங்குல அகலத்தில் வெட்டினால் ஒரே நீளக் கீற்றாக வரும். அதைப் பருத்திப் பாவின் குறுக்கே கைத்தறியில் கொடுத்து அடித்தால் அழுத்தமான, பளபளப்பான துணி கிடைக்கும். முதலீடு கத்தரிக்கோலும் தறியும் மட்டுமே என்பதால் மகளிர் குழுக்களுக்கு ஏற்றது. ஆனால் கீற்று தாரில் (ஊடையைச் சுற்றி நாடாவில் வைக்கும் சிறு குழல்) ஒழுங்காகச் சுற்றாது, உலர்ந்த காற்றில் கையோடு ஒட்டிக்கொள்ளும், பல இடங்களில் ஊடையைக் கையாலேயே கொடுக்க வேண்டியிருக்கும். ஒரு பைக்கு ஆகும் கூலியைக் கணக்கிட்டால் மூலப்பொருள் இலவசம் என்ற ஆதாயம் கரைந்துவிடுகிறது. நகரத்துக் கைவினைக் கடையில் நல்ல விலைக்குப் போகும் பண்டமாக இதை மதிக்கலாம்; மலிவான நூலுக்கு மாற்றாக எண்ணக் கூடாது.

சாக்கு இழையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சாக்கின் பிளாஸ்டிக்கான பழைய பாலிபுரொப்பிலீனை உருக்கித் தகடாக்கி, கீறி, சூட்டில் இழுத்து, பாய்களும் சாக்குகளும் நெய்யலாம். அதற்கு உருக்கி இழுக்கும் இயந்திரம், தடையற்ற மின்சாரம், ஒரே தரமான சரக்கு மூன்றும் வேண்டும். கடன் வாங்கி இதில் இறங்கச் சிறு தறிக்காரரை நான் தூண்ட மாட்டேன்.

ஆகவே என் தேர்வு பாட்டில் நூல்தான். ஆனால் அதன் விலை இப்படியே நிற்காது. 2022-இல் திருத்தப்பட்ட பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், பாட்டில் போன்ற கடினமான பிளாஸ்டிக் பொதிகளில் 2025-26-இல் 30 சதவீதமும் 2028-29-க்குள் 60 சதவீதமும் மறுசுழற்சிப் பொருள் இருக்க வேண்டும் என்கின்றன. அதனால் பாட்டில் நிறுவனங்களே பழைய பாட்டிலுக்குப் போட்டியிடும். நூலை மட்டும் நம்பியிருக்கும் தறிக்காரர் அந்த விலையேற்றத்தைச் சுமப்பார். பாட்டிலைச் சேகரித்து, உறை உரித்து, நிறம் பிரித்து, கட்டுக்கட்டி விற்கும் வேலையை நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களே உள்ளாட்சிகளோடு ஒப்பந்தம் செய்து எடுத்துக்கொண்டால், நூலில் ஏறும் விலையில் ஒரு பங்காவது பாட்டில் விற்ற பணமாக அவர்களிடமே திரும்பும்.