ஃபுல் டேங் என்று சொல்லி விற்கப்படும் கத்தி: வேட்டைக்கும் காட்டுப் பயணத்துக்கும் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

கனடாவில் நவம்பர் மான் சீசனுக்கோ, கூடாரத்தோடு காட்டுக்குள் நாலு நாள் தங்கவோ மடக்காத கத்தி ஒன்று ஆன்லைனில் தேடிக்கொண்டிருக்கிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

நான் வாங்கியது ஒரு பெரிய ஆன்லைன் சந்தையில், அங்கே கடை போட்டிருக்கும் வெளி வியாபாரி ஒருவரிடம். விளம்பரத்தில் சொன்னது இவ்வளவு: டி2 என்ற வகை எஃகு, கடினம் 60 எச்ஆர்சி (எஃகின் கடினத்தைச் சொல்லும் அளவு), அலகின் கனம் 5 மில்லிமீட்டர், ஃபுல் டேங், வாழ்நாள் உத்தரவாதம். விலை 90 டாலருக்குக் கொஞ்சம் கீழே. சொன்ன ஐந்தில் ஒன்றுகூட உண்மை இல்லை.

(ஊரில் இருக்கும் நண்பர்கள் வேட்டை என்றதும் பதற வேண்டாம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். இங்கே ஒன்டாரியோவில் பயிற்சி வகுப்பு, தேர்வு, லைசென்ஸ், டேக் (மானுக்கான அனுமதிச் சீட்டு) எல்லாம் முடித்து, ஆரஞ்சு சட்டை தொப்பியோடுதான் காட்டுக்குள் கால் வைக்க முடியும்.)

டேங் என்பது பிடிக்குள் போகும் இரும்பு. அலகும் டேங்கும் ஒரே எஃகுத் தகட்டில் வெட்டி, பிடியின் முழு அகலத்துக்கும் முழு நீளத்துக்கும் வந்தால் அது ஃபுல் டேங். மடக்குக் கத்தியை விட்டு இந்த மாதிரி வாங்குவதே உறுதிக்காகத்தான். ஆனால் அந்த உறுதியைத் தரும் பாகம் ரப்பர் பிடிக்குள் மறைந்திருக்கிறது. வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரிவது அலகு மட்டும். ஏமாற்று வேலை முழுக்க நடப்பது இந்த மறைவில்தான்.

ஒன்டாரியோவில் பாரி சவுண்டு என்ற ஊருக்கு வடக்கே எங்கள் கேம்ப். ராத்திரி முழுக்க மழையும் பனியும் கலந்து கொட்டி, விறகு எல்லாம் ஊறிப்போயிருந்தது. இப்படி நேரத்தில் கட்டையைப் பிளந்தால் உள்ளே காய்ந்த மரம் கிடைக்கும். கத்தியைக் கட்டையின் தலையில் வைத்து, முதுகில் இன்னொரு கட்டையால் தட்டி இறக்குவார்கள், பேட்டனிங் என்பார்கள். நான் பிளந்தது மணிக்கட்டு கனத்துக்கு மேல் போகாத பிர்ச். முடிச்சு கிடிச்சு எதுவும் இல்லாத நேரான கட்டை. ஓங்கிக்கூட அடிக்கவில்லை. டிக் என்று ஒரு சத்தம். பிடி என் கையில் இருக்கிறது, அலகு கட்டையில் செருகி நிற்கிறது. அது தெறிக்காமல் நின்றது அதிர்ஷ்டம். பக்கத்தில் ஒருவர் குனிந்து அடுப்புக்குக் கல் அடுக்கிக்கொண்டிருந்தார்.

உடைந்த இடத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் கதை முழுக்கத் தெரிகிறது. அலகின் அடிப்பாகம் பிடிக்குள் முக்கால் அங்குலம்தான் போகிறது. அதற்குப் பிறகு இருப்பது பென்சில் கனத்தில் மரை போட்ட ஒரு கம்பி. அலகோடு வெல்டு வைத்து ஒட்டியிருக்கிறார்கள். ஒடிந்தது அந்த வெல்டு ஓரத்தில். உடைவின் ஒரு பாதி பளபளவென்று புதுசு. மறு பாதி பழுப்பேறிய துரு. அதாவது என் கைக்கு வருவதற்கு முன்பே அங்கே வெடிப்பு இருந்திருக்கிறது. பிடியின் அடியில் ஒரு எஃகுக் குமிழ் தெரியும். படத்தில் அதைக் காட்டித்தான் ‘டேங் கடைசி வரை வருகிறது’ என்று நம்ப வைக்கிறார்கள். அது அந்தக் கம்பியில் திருகிய தனி நட்டு. கம்பியைச் சுற்றி மிச்ச இடமெல்லாம் பசை. வேட்டைக்காரர்கள் இதை எலிவால் டேங் என்பார்கள்; பார்த்தால் அப்படியேதான் இருக்கிறது.

அன்று சாயந்திரம் எங்கள் செட்டில் மூத்தவருக்கு மான் விழுந்தது. அதை அறுத்துக் குடல் எடுத்தது அவருடைய மோரா கம்பானியன் என்ற கத்தி. என்னுடையதன் விலையில் பாதிகூட இராது. “தம்பி, டார்ச் பிடிப்பா” என்று எனக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்.

ஊர் திரும்பியதும் மெஷின் ஷாப்பில் வேலை செய்யும் நண்பரிடம் அலகைக் கொடுத்தேன். ராக்வெல் மெஷினில் வைரக் கூம்பை 150 கிலோ அழுத்தத்தில் இறக்கி, எவ்வளவு ஆழம் பதிகிறது என்று அளப்பார்கள். சி அளவுகோலில் அந்த எண்தான் எச்ஆர்சி. மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தார். எங்கேயும் 52 தாண்டவில்லை. ஒழுங்காகக் காய்ச்சிப் பதம் ஏற்றிய டி2 கத்தி 60ஐ ஒட்டி நிற்கும். அந்த எஃகில் கார்பன் ஒன்றரை சதவீதம், குரோமியம் பன்னிரண்டு சதவீதம். பதம் ஏறியபின் சாதாரண அரம் வழுக்கிக்கொண்டு போகும். இதில் அரம் கடித்து இறங்கியது. வெர்னியர் வைத்தால் கனம் 3.7 மில்லிமீட்டர். எந்த எஃகு என்று என்னால் சொல்ல முடியாது, சொன்னது இல்லை என்று மட்டும் சொல்வேன்.

சரி, டி2வாகவே இருந்திருந்தாலும் கட்டை பிளக்க அது முதல் தேர்வு இல்லை. கூர் நன்றாக நிற்கும், ஆனால் அடி தாங்கும் குணம் குறைவு. அந்த வேலைக்கு 1095, 80சிஆர்வி2 மாதிரி எஃகுகள் மேல். துருப் பிடிக்கும், துடைத்து எண்ணெய் தடவி வைக்கவேண்டும், அவ்வளவுதான். எழுத்தும் எண்ணும் போட்டாலே உசத்தி என்று நினைக்கவைப்பதுதான் விளம்பரத்தின் வேலை. ‘சர்ஜிக்கல் ஸ்டீல்’ என்று மட்டும் எழுதியிருந்தால் மேலே படிக்கவே வேண்டாம். அது எந்த எஃகின் பெயரும் இல்லை. டமாஸ்கஸ் (அடுக்கடுக்காக அடித்துச் சேர்த்த எஃகு) என்று வரி வரியாகக் காட்டுவதிலும் பல, சாதாரண எஃகின் மேல் லேசரில் கீறிய கோலம்.

இனி வியாபாரியின் பதில்கள். முதல் மெயிலில், கட்டை பிளந்தது தவறான உபயோகம், உத்தரவாதத்தில் வராது என்றார். அவர் விளம்பரத்தின் மூன்றாவது படமே, அதே கத்தியைக் கட்டையில் வைத்துச் சுத்தியலால் அடிப்பதுதான். படத்தை எடுத்து அனுப்பினேன். அடுத்த நாள் விளம்பரத்தில் அந்தப் படம் இல்லை. அப்புறம் பேரம் ஆரம்பித்தது: 15 சதவீதம் திருப்பித் தருகிறோம், கத்தியை நீங்களே வைத்துக்கொள்ளலாம். மறுத்ததும் 30 சதவீதம். அதற்கும் மறுத்ததும் பாதிப் பணம், ஆனால் நான் எழுதிய ஒரு நட்சத்திர விமர்சனத்தை முதலில் எடுத்துவிட வேண்டும். முழுப் பணம் வேண்டுமென்றால் உடைந்த கத்தியை என் செலவில் கடல் கடந்து ஒரு முகவரிக்கு அனுப்ப வேண்டும். தபால் செலவு கத்தி விலையை நெருங்கியது. இது தற்செயல் இல்லை. நாமே சலித்து விட்டுவிடுவோம் என்ற கணக்கு.

நாலாயிரத்துச் சொச்சம் விமர்சனம், நாலரை நட்சத்திரம் என்று பக்கம் ஜொலித்தது. தேதிவாரியாகப் பின்னால் போய்ப் படித்தால் பழைய விமர்சனங்கள் உருளைக்கிழங்கு தோல் சீவியைப் புகழ்கின்றன! எப்போதோ நன்றாக விற்ற பொருளின் பக்கத்தை, விமர்சனங்களோடு அப்படியே வைத்துக்கொண்டு, படத்தையும் தலைப்பையும் மட்டும் மாற்றியிருக்கிறார்கள். நட்சத்திரத்தை எண்ணாதீர்கள், மிகப் பழைய விமர்சனம் எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறது என்று பாருங்கள்.

கடைசியில் பணம் வந்தது கிரெடிட் கார்டு வழியாக. ‘சொன்னபடி பொருள் இல்லை’ என்ற காரணத்தில் வங்கியில் புகார் பதிந்தேன். வாங்கிய அன்றே எடுத்து வைத்த விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், உடைவின் படம், வெர்னியர் படம், ராக்வெல் எண் எழுதிய சீட்டு, விமர்சனத்தை எடுக்கச் சொன்ன மெயில் எல்லாவற்றையும் சேர்த்தேன். அந்த மெயில்தான் பேசியது என்று நினைக்கிறேன். புகாருக்குக் காலக்கெடு உண்டு. வியாபாரி “பார்க்கிறோம், பார்க்கிறோம்” என்று இழுப்பதே அந்தக் கெடு தாண்டுவதற்காகத்தான். மெயில் போய்க்கொண்டிருக்கும்போதே வங்கியிலும் பதிந்துவிடுங்கள்.

டேங் சின்னதாக இருப்பதே குற்றம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மூத்தவரின் மோரா கம்பானியனிலும் டேங் பிடியின் கடைசி வரை வராது. கம்பெனியும் அதை ஃபுல் டேங் என்று விற்பதில்லை. அமெரிக்க மரைன்கள் கொண்டுபோன கேபார் கத்தியின் டேங்கும் தோல் வளையங்களுக்குள் ஒல்லியாகத்தான் ஓடுகிறது. ஆனால் அலகும் அதுவும் ஒரே எஃகு, நடுவில் வெல்டு கிடையாது. ஒல்லியான டேங் அலகிலிருந்து பிரியும் மூலை வளைவாக இருந்தால் தாங்கும்; சதுரமாக வெட்டியிருந்தால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

ஆகவே பிடியைக் கழற்றிப் பார்க்கக்கூடிய கத்தியாகத் தேடுங்கள், அல்லது டேங் கண்ணுக்குத் தெரிகிற கத்தி. எஸ்ஸி என்ற கம்பெனியின் கத்திகளில் பிடிப் பலகைகள் திருகாணியில் நிற்கின்றன. கழற்றினால் முழு எஃகும் தெரியும். மோராவின் கார்பெர்க் என்ற கத்தியில் டேங் பிடியின் அடியில் வெளியே எட்டிப் பார்க்கும், கனம் 3.2 மில்லிமீட்டர். மான் வேலைக்கு நாலிலிருந்து நாலரை அங்குல அலகு தாராளம். ஏழு எட்டு அங்குலத்தோடு வயிற்றுக்குள் கையை விட்டால் முனை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் குடலைக் கிழித்து இறைச்சியைக் கெடுப்பீர்கள். ஆன்லைன்தான் என்றால், பிடி இல்லாத வெறும் டேங்கின் படம் கேளுங்கள். நல்ல கம்பெனிக்காரன் சந்தோஷமாக அனுப்புவான். என் வியாபாரியிடம் புகாரின் நடுவே கேட்டேன். “தொழில் ரகசியம்” என்று பதில் வந்தது.

நான் வாங்கிய பக்கத்தை இப்போது எடுத்துவிட்டார்கள். ஆனால் அதே கத்தி வேறு பெயரில், வேறு கடையில், பச்சைப் பிடியோடு வந்திருக்கிறது. அடியில் அதே ஆறு பட்டைக் குமிழ், உறையில் அதே சிவப்புத் தையல், சுத்தியல் படமும் திரும்ப வந்துவிட்டது. இந்த முறை கனம் 6 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறார்கள்.