லுவாங் பிரபாங்கில் ஒரு மர வீடு

நீச்சல் குளமும் லிஃப்டும் தேடுகிறவர்களுக்கான தங்குமிடமல்ல இது. லாவோஸின் லுவாங் பிரபாங்கில், ‘நாம் கான்’ என்னும் ஆறு மேகாங் ஆற்றில் கலக்கும் முனைக்கு அருகே ஒரு சந்தில் இருக்கும் பழைய மர வீடு. அறைகள் கொஞ்சம்தான். செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும்.

மாடிப்படி செங்குத்தானது, கனமான பெட்டியோடு போகிறவர்கள் கீழ் அறை கேட்கலாம். ஆனால் மேலே நடப்பவரின் ஒவ்வோர் அடியும் தலைக்கு மேல் விழும். குளியலறைக் குழாயைப் பாதி திறந்தால் வெந்நீர், முழுவதும் திறந்தால் பச்சைத் தண்ணீர். பழகிவிடும்.

ரயில் நிலையம் ஊரைவிட்டு வெகு தள்ளி இருக்கிறது. ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள், யாரும் வரவில்லை. வேனில் நெருக்கியடித்துக்கொண்டு வந்தோம். கேட்டதற்கு ஒரு சிரிப்புதான் பதில். எனக்கு எரிச்சல்தான்.

அந்த எரிச்சலைத் தணித்தவர் வீட்டுக்காரம்மா. விடியலில் பிக்குகள் வரிசையாகப் பிச்சைக்கு வரும்போது மூங்கில் கூடையிலிருந்து ஒட்டரிசிச் சோற்றைக் கிள்ளிக் கிள்ளிப் போடுவார். எங்களை எதிர்ச்சாரியில் நிற்கவைத்து, கேமராவின் ஃபிளாஷை அணைக்கும்படி சைகை காட்டினார். அத்தனை மரியாதையையும் மீறிப் பிக்குவின் முகத்துக்கு நேரே செல்பேசியை நீட்டும் பயணிகளும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

அதிகாலைக் கோயில் முரசுக்கு விழித்துக்கொள்பவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளவும். இங்கே கார்டு வாங்குவதில்லை. லாவோஸ் பணமான கிப் நோட்டுகள் கையில் இருக்கட்டும்.