நேம்சர்வரை மாற்றுவதா, ஏ ரெகார்டை மட்டும் மாற்றுவதா?

கும்பகோணத்தில் மாமாவின் பாத்திரக்கடைக்கு வலைத்தளம் போட்டுக் கொடுத்தேன். டொமைன் (தளத்தின் பெயர்) வாங்கியது ஓரிடம், ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கும் சர்வர்) வேறிடம். இரண்டையும் இணைக்க, டொமைனைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லும் நேம்சர்வரையே ஹோஸ்டிங்காரர் கொடுத்ததாக மாற்றலாம், இல்லையென்றால் நேம்சர்வரைத் தொடாமல், தளம் எந்த சர்வரில் இருக்கிறது என்று சொல்லும் ஏ ரெகார்டில் அவர்களுடைய ஐபி எண்ணை (சர்வரின் முகவரி எண்) மட்டும் போடலாம். முதலில் நேம்சர்வரை மாற்றிப் பட்டுவிட்டு இப்போது ஏ ரெகார்டில் இருக்கிறேன், அதனால் என்னிடம் நடுநிலை எதிர்பார்க்காதீர்கள்.

சுலபம் எது என்றால் நேம்சர்வர்தான். ஹோஸ்டிங் வாங்கியதும் வரும் மெயிலிலேயே இரண்டு பெயர்கள் இருக்கும், ஒட்டிச் சேமித்தால் முடிந்தது. ஏ ரெகார்டு என்றால் ஐபியைத் தேடி எடுக்க வேண்டும், டபிள்யூடபிள்யூடபிள்யூவுக்கும் பார்க்க வேண்டும், பழைய ஏஏஏஏ ரெகார்டு (ஐபிவி6 என்ற நீளமான ஐபி எண்ணைச் சொல்வது, மொபைல் டேட்டா பெரும்பாலும் இதைத்தான் பார்க்கும்) கிடந்தால் அழிக்க வேண்டும். (நான் அழிக்க மறந்ததில் கடை வைஃபையில் புதுத் தளமும் மொபைல் டேட்டாவில் பழைய பக்கமும் வந்தன.) செலவு இரண்டிலும் இல்லை.

ஆனால் விஷயம் மெயிலில் இருக்கிறது. ஒரு வயலுக்குத் தண்ணீர் திருப்ப அந்த வாய்க்கால் மடையைத் திறந்தால் போதும், நான் போய்க் கல்லணை மதகில் கை வைத்துவிட்டேன். நேம்சர்வர் மாறினால் டொமைனைப் பற்றிய எல்லாக் கேள்விக்கும் புது இடம்தான் பதில் சொல்லும். மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ், கூடவே நம் பெயரில் போகும் மெயில் போலி இல்லை என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் எல்லாம் பழைய இடத்திலேயே கிடக்கும், தாமாக நகர்ந்து வராது.

சனிக்கிழமை சாயங்காலம் மாற்றினேன். ஒரு மணி நேரத்தில் தளம் வந்துவிட்டது, மாமா குத்துவிளக்குப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை சிங்கப்பூர் வாடிக்கையாளர் ஒருவர் ஃபோனில், "அண்ணாச்சி, மெயில் போட்டா அப்படி ஒரு ஆளே இல்லைன்னு திரும்பி வருதே" என்கிறார். மாமாவின் மெயில் பெட்டி இருந்தது மூன்றாவது ஓரிடத்தில். புது நேம்சர்வரோ மெயிலையும் ஹோஸ்டிங் சர்வருக்கே அனுப்பியிருக்கிறது, அங்கே அவர் பெயரில் பெட்டியே கிடையாது. எல்லா மெயிலும் நின்றிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். டாட் காம் டொமைனின் நேம்சர்வர் விவரத்தை மற்ற சர்வர்கள் 48 மணி நேரம் வரை நினைவில் வைத்திருக்கலாம், அதனால் ஞாயிறு முழுக்கச் சிலருடைய மெயில் பழைய வழியிலேயே ஒழுங்காக வந்துகொண்டிருந்தது, மாமாவுக்குச் சந்தேகமே வரவில்லை. பழைய நேம்சர்வருக்குத் திரும்பவும் அதே காத்திருப்புதான்.

ஏ ரெகார்டில் மெயில் பக்கமே போக வேண்டியதில்லை. முந்தின நாளே டிடிஎல்லை (மற்ற சர்வர்கள் ஒரு ரெகார்டை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 நொடியாகக் குறைத்துவிட்டு மாற்றினால், ஏதாவது சொதப்பினாலும் பெரும்பாலும் ஐந்து, பத்து நிமிடத்தில் பழைய ஐபிக்குத் திரும்பிவிடலாம்.

டொமைன் பெயரில் மெயிலே இல்லை, ஜிமெயில்தான் என்றால் சரி, நேம்சர்வரையே மாற்றிவிடுங்கள், பராமரிப்பு குறைவு. நான் பார்த்துக்கொள்வது நாலைந்து சிறிய கடைகளின் தளங்கள்தான், பெரிய தளங்களுக்கும் இதுதான் சரி என்று சொல்ல மாட்டேன். ஏ ரெகார்டில் ஒரு தொல்லை உண்டு: ஹோஸ்டிங்காரர் சர்வரை மாற்றினால் ஐபியும் மாறலாம், அதை நாம்தான் திருத்த வேண்டும். எனக்கு ஒருமுறை அப்படி வந்தது. அறிவிப்பு மாமாவின் மெயிலுக்குப் போய், அவர் விளம்பரம் என்று நினைத்து அழித்துவிட்டார். இப்போது அந்தக் கணக்கில் என் முகவரியையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.