பைக்கா சைக்கிளா: செயின் துடைப்பவன் பார்வையில்

பைக்கை விற்றுவிட்டு கியர் சைக்கிள் வாங்கினேன் என்று சொன்னால் கேட்பவர்களுக்கு இரண்டே காரணம்தான் தோன்றுகிறது: ஒன்று பெட்ரோல் விலை, இன்னொன்று சுகர். இரண்டும் இல்லை. வேலைக்குப் போய்வர வீட்டில் ஸ்கூட்டர் இருக்கிறது. அது போக ஆசைக்கென்று ஒரு வண்டி வைத்துக்கொள்ளலாம் என்றால் எது என்பதுதான் கேள்வியாக இருந்தது. அதனால் மைலேஜ், டிராஃபிக் எல்லாம் இங்கே வராது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சென்னை ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) எதில் போனால் மனசு நிறைகிறது, அவ்வளவுதான்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சுகம். இடது பக்கம் வளைய வேண்டுமென்றால் ஹேண்டில்பாரின் இடது பக்கத்தை லேசாக முன்னால் தள்ள வேண்டும், அதாவது ஒரு கணம் சக்கரத்தை வலது பக்கம் திருப்ப வேண்டும், அப்போதுதான் வண்டி இடது பக்கம் சாயும். விமானம் செய்வதற்கு முன்னால் சைக்கிள் கடை நடத்திய வில்பர் ரைட் இதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார். நாம் எல்லோரும் தெரியாமலேயே இரண்டு வண்டியிலும் இதைத்தான் செய்கிறோம். இன்ஜினுக்கு ஆர்பிஎம் எப்படியோ அப்படித்தான் காலுக்கு கேடன்ஸ், அதாவது நிமிடத்துக்கு எத்தனை முறை பெடல் சுற்றுகிறோம் என்பது. நிமிடத்துக்கு 80, 90 சுற்றில் வைத்து கியரை மாற்றிக்கொண்டே போனால் கால் சீக்கிரம் ஓயாது. பைத்தியக்காரத்தனத்திலும் ஒற்றுமை உண்டு. சைக்கிள்காரர்கள் 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கும் 'பிரெவே' ஓட்டி, வழியில் கார்டில் முத்திரை வாங்குகிறார்கள். பைக்காரர்கள் 24 மணி நேரத்தில் 1,000 மைல் ஓட்டிவிட்டு, பெட்ரோல் பங்க் ரசீதுகளை ஆதாரமாகச் சேர்த்து வைக்கிறார்கள். இரண்டிலும் முதல் பரிசு என்று ஒன்று கிடையாது, பின்பக்க வலிதான் மிச்சம்.

இந்த ஊருக்கும் இரண்டும் சொந்தம். அம்பத்தூரில் 1949-இல் டிஐ சைக்கிள்ஸ் வந்தது, திருவொற்றியூரில் 1955-இல் என்ஃபீல்டு புல்லட் வந்தது. அந்த ராயல் என்ஃபீல்டே இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் சைக்கிள் விற்ற கம்பெனிதான்.

தெரிந்த விஷயங்களை ஓட்டமாகச் சொல்லிவிடலாம். வேகம், தூரம், பின்னால் ஒருவரை உட்கார வைப்பது, எல்லாவற்றிலும் பைக்குக்குத்தான் ஜெயம். செலவு, பார்க்கிங், தொப்பை இதிலெல்லாம் சைக்கிள். காற்றுதான் கொஞ்சம் சுவாரசியமான விஷயம். ஐப்பசி, கார்த்திகையில் மாமல்லபுரம் போய்த் திரும்பும்போது வாடைக்காற்று முகத்தில் அடிக்கும். முட்டுக்காடு பாலத்தில் சைக்கிள் நின்றுவிடுமோ என்று தோன்றும். பைக்கில் அதே பாலத்தை எத்தனையோ முறை தாண்டியிருக்கிறேன், காற்று எந்தத் திசை என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது ஓட்டும் சுகம் இல்லை, ஓட்டாத நேரத்துச் சுகம். எனக்கு வண்டியைப் பிரித்து மாட்டப் பிடிக்கும். கார்புரேட்டர் காலத்தில் பைக்கிலும் அது கிடைத்தது: பிளக்கைக் கழற்றி உப்புத்தாள் போடலாம், ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருகிவிட்டு காதை வைத்துக் கேட்கலாம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு புது பைக் கிட்டத்தட்ட எல்லாமே ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் ஆகிவிட்டது. புகை குறைந்தது, குளிரிலும் ஒரே அழுத்தில் ஸ்டார்ட் ஆகிறது, குறையே சொல்ல முடியாது. ஆனால் இன்ஜின் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம்தான் போக வேண்டும். எனக்கு மிச்சமிருந்தது செயின் மட்டும்தான். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து லூப் அடிப்பது. அதிலும் ஓ-ரிங் செயின் என்றால் கம்பி பிரஷ் போடக்கூடாது, ரப்பர் வளையம் போய்விடும்.

சைக்கிளில் எல்லாமே வெளியில் தெரிகிறது. 4, 5, 6 மில்லிமீட்டர் ஆலன் கீ மூன்றும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. கியர் சரியாக விழவில்லையென்றால் கேபிள் முனையில் இருக்கும் பேரல் அட்ஜஸ்டரை கால் சுற்று திருப்பிப் பார்க்கலாம். செயின் கடைசிப் பல்லைத் தாண்டி விழுந்தால் டீரெயிலரில் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் பாகம்) ஹெச், எல் என்று இரண்டு ஸ்க்ரூ இருக்கும், எது எந்தப் பக்கத்தைக் கட்டுப்படுத்துகிறது என்று ஒருமுறை புரிந்துவிட்டால் போதும்.

மழையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பார்க்கிங்கில் சீட்டுக்கு மேல் தண்ணீர். அப்படி மூழ்கிய பைக்கை ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆயிலைக் கழற்றிவிட்டால் பால் டீ நிறத்தில் வருகிறது; இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டும், அப்புறம் வயரிங். அந்த மாதம் ஊரில் எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் வரிசைதான். அதே தண்ணீரில் நின்ற பக்கத்து வீட்டு சைக்கிளுக்கு சீட் போஸ்ட்டை உருவி, தலைகீழாகக் கவிழ்த்து வடியவிட்டு, ஹப்பில் புது கிரீஸ் வைத்தோம். ஓட ஆரம்பித்துவிட்டது. முக்கியமாக, அடுத்த மழை அறிவிப்பு வந்தால் சைக்கிளை தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறிவிடலாம்.

இதற்காக சைக்கிள் பராமரிப்பு குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். எண்ணிக்கையில் அதிகம். திருவான்மியூர் பக்கம் உப்புக்காற்றுக்கு மெல்லிய செயின் சீக்கிரம் துருப்பிடிக்கிறது, ஒரு மழையில் நனைந்தால் மறுநாளே கீச்சிடுகிறது. பைக் கொஞ்சம் அலட்சியத்தைத் தாங்கும். பங்க்சரிலும் பைக்தான் சௌகரியம்: டியூப்லெஸ் என்றால் குச்சி சொருகி ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார்கள். என் சைக்கிளில் இருப்பது பிரெஸ்டா வால்வு, தெருமுனைக் கடையின் காற்றுக் குழாய் அதில் உட்காராது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றை எப்போதும் பையில் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று, நான் சொல்வதெல்லாம் கேபிள் பிரேக் சைக்கிளுக்கு மட்டும். ஹைட்ராலிக் டிஸ்க்கில் ஆயில் மாற்றுவது, எலெக்ட்ரானிக் கியர் இதிலெல்லாம் நான் கை வைத்ததில்லை. விலை ஏற ஏற சைக்கிளும் பைக் போன வழியில்தான் போகிறது. மலைக்கும் என் பேச்சை நம்ப வேண்டாம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் பைக்கில்தான் ஏறி இறங்கியிருக்கிறேன், இறக்கத்தில் இன்ஜின் பிரேக் பிடித்துக்கொள்ளும் தைரியம் சைக்கிளில் கிடையாது. இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் முட்டி உரச ஓட்டுகிறவர்களின் சந்தோஷமும் எனக்குத் தெரியாது.

விற்கும்போது பைக்குக்குத்தான் மதிப்பு. ஆர்சி புத்தகம், இன்ஷூரன்ஸ் சரியாக இருந்தால் ஓரளவு நல்ல விலை கிடைக்கும், சைக்கிளை அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள். வாங்குகிறவருக்கு அது நல்லதுதான், எனவே செகண்ட் ஹேண்டில் தேடுங்கள். போகும்போது செயின் தேய்மானம் பார்க்கும் தகட்டைக் கொண்டு போங்கள். அதில் 0.75 என்று குறித்த முனை செயினுக்குள் இறங்கினால் செயினோடு பின்பக்கப் பல்சக்கரமும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம், அந்தப் பணத்தையும் கழித்துப் பேசுங்கள்.